அரண்மனைத் தோட்டத்தின் பச்சை

ஈரத் துணியில் பச்சை ஏறியிருப்பதைப் பார்த்ததும் சாந்தம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துணியைத் திருப்பினாள். மறுபக்கம் நீலம். மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தாள். அரண்மனை அப்படியே இருந்தது. அதன் முன்னால் விரிந்திருந்த தோட்டத்தில்தான் வலப்பக்கம் பாதியைக் காணோம். மரங்களின் கறுப்புக் கோடுகள் மட்டும் வெளுத்த தாளில் எலும்பு எலும்பாக நின்றன.

வெண்பாறை எஸ்டேட் பங்களாவின் சாப்பாட்டு அறையில் இப்படி எட்டுப் படங்கள் உண்டு. எல்லாம் சீமை ராஜாக்களின் அரண்மனைகள், அவற்றின் தோட்டங்கள். செம்புத் தகட்டில் கோடு வெட்டி அச்சடித்து, மேலே வர்ணம் தீட்டிய தாள்கள். இருநூறு வருஷத்துப் பழசு. பென்ரோஸ் துரைசாணிக்கு அவள் அம்மா வழியில் வந்தவை. மறையூருக்கு மேலே மலையில் இருக்கும் அந்த பங்களாவுக்கு எந்த விருந்தாளி வந்தாலும், துரைசாணி முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது அந்தச் சுவரைத்தான்.

தப்பு நடந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அன்றைக்கு எஸ்டேட் முழுக்கக் கழுவுவதும் துடைப்பதுமாக இருக்கும். ஃபேக்டரியில் மெஷினைத் துடைப்பார்கள், ஜீப்பைக் குளிப்பாட்டுவார்கள், அடுப்படிக் கத்திக்குக்கூடச் சந்தனப் பொட்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் சாமி படங்களைக் கீழே இறக்கி, பின்பலகையைக் கழற்றி, கண்ணாடியைத் தனியாக எடுத்து, படத்தையே ஈரத் துணியால் துடைத்து மாட்டுவது வழக்கம். கடையில் வாங்கும் முருகனும் மீனாட்சியும் மேலே பளபளப்புப் பூசி வருகிறவர்கள்; எத்தனை ஈரத்துக்கும் அசைய மாட்டார்கள்.

பங்களா படங்களுக்கு மற்ற வருஷங்களில் சாந்தம்மாள் கண்ணாடியை மட்டும்தான் துடைப்பாள். இந்த வருஷம் ஆடி மழை விடாமல் பெய்து, கண்ணாடிக்கு உள்ளே வெள்ளையாகப் பூசணம் பிடித்துவிட்டது. துரையும் துரைசாணியும் இந்த மாதக் கடைசியில் சீமைக்கே போய்விடப் போகிறார்கள். எஸ்டேட்டை வேறு கம்பெனி வாங்கியிருந்தது. போகிற நேரத்தில் படங்கள் பளிச்சென்று இருந்தால் துரைசாணியின் முகம் மலருமே என்று ஆசைப்பட்டாள் சாந்தம்மாள். அந்த முகத்துக்காக அவள் எதுவும் செய்வாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், கொழுந்துக் கூடையோடு சரிவில் உருண்டு அவள் முழங்கால் நொறுங்கியபோது, "இவள் பங்களாவில் இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னவள் துரைசாணி. புருஷன் இல்லாதவளுக்கு லயத்தில் ஓர் அறை நிலைத்தது அந்த ஒரு வார்த்தையால்தான்.

இப்போது அந்த அறைதான் ஆட்டம் கண்டது. வரப்போகிற புதுத் துரை, பழைய துரைசாணி எழுதித் தரும் சர்டிபிகேட்டைப் பார்த்துத்தான் பங்களா ஆட்களை வைத்துக்கொள்வார். சர்டிபிகேட் இல்லாதவர்கள் மலைக்குத் திரும்பிக் கொழுந்து பறிக்கவேண்டும். சாந்தம்மாளின் முழங்கால் சரிவில் பத்து அடி ஏறாது. பறிக்க முடியாதவளுக்கு லயத்தில் இடமும் இல்லை.

சமையல்காரர் மொக்கையன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சாந்தம்மா, ராசா தோட்டத்துல வறட்சியா?"

"வாய மூடுய்யா. நானே செத்துக்கிட்டு இருக்கேன்."

"பேசாமக் கண்ணாடியப் போட்டு மாட்டிரு. தொரசாணிக்குக் கண்ணாடி போட்டாத்தான் தட்டுல சோறே தெரியுது. இதா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"ஒனக்குத் தெரிஞ்சா என்ன? சர்டிபிகேட்டு நீயா எழுதப்போற?"

துரைசாணி கொடைக்கானலில் சிநேகிதிகளிடம் விடைபெறப் போயிருந்தாள். திரும்ப ஐந்து நாள் ஆகும். அந்த ஐந்து நாளுக்குள் என்ன செய்ய முடியும் என்று யோசித்தபோது, மீனாட்சிபுரத்தில் தங்கச்சி அழகுத்தாய் வீட்டில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோ சாந்தம்மாளின் நினைவுக்கு வந்தது. எடுத்தது கறுப்பு வெள்ளையில். ஆனால் அதில் அழகுத்தாயின் சேலை பச்சை, மாலை சிவப்பு, உதட்டில்கூட லேசான ரோஜா நிறம். பாலக்காட்டில் ஒரு ஸ்டுடியோவில் கையாலேயே வர்ணம் போட்டுக் கொடுத்தார்கள்.

தேயிலைப் பெட்டி செய்யும் மெல்லிய பலகை இரண்டை ஃபேக்டரியிலிருந்து கேட்டு வாங்கினாள். படத்தை நடுவில் வைத்துக் கட்டி, மேலே பழைய சேலையைச் சுற்றினாள். பூஜை முடிந்த மறுநாள், தங்கச்சியைப் பார்த்து வருகிறேன் என்று சொல்லி, காலை பஸ்ஸைப் பிடித்தாள்.

சின்னாறு செக்போஸ்ட்டில் வினை வந்தது. மறையூர்ப் பக்கமிருந்து பலகைக் கட்டோடு ஒருத்தி வந்தால் காட்டிலாகா கார்டுக்கு என்ன தோன்றும்? மறையூர்க் காட்டுச் சந்தனமரம்தான் தோன்றும்.

"எந்தா இது? அழிக்கு," என்றார் கார்டு.

சாந்தம்மாள் அவிழ்த்தாள். கார்டு பலகையை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். தேயிலை வாசம்தான் வந்தது. பிறகு படத்தைப் பார்த்தார். அதிலேயே சற்று நேரம் நின்றுவிட்டார்.

"இது ஏது ஊரு?"

"ராசா ஊரு சாரே."

"நல்ல தோட்டம். பாதி எங்க?"

"அதத் தேடித்தான் போறேன்," என்றாள் சாந்தம்மாள். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

உடுமலை, பொள்ளாச்சி என்று மாறி மாறி மீனாட்சிபுரம் வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அழகுத்தாய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அக்கா, ஒரு கடுதாசி போடக் கூடாதுங்களா?"

"என்னையவே ஏனுங்கங்குறியேடி."

"வாயில வந்துருதுக்கா. மாமியா ஊட்டுப் பேச்சு ஒட்டிக்கிச்சு." அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அழகுத்தாய் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டாள். மறுநாள் விடிந்ததும் அவளே பாலக்காட்டுக்குக் கூட்டிப்போனாள்.

கோட்டை மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது மொய்து ஸ்டுடியோ. முன்னால் கடை, பின்னால் வீடு. மொய்து படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது போட்டோ இல்லீங்களே அம்மா. போட்டோத் தாளு வேற, இது வேற. வீணாப் போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"இதுக்கு மேல வீணாப் போக என்னய்யா இருக்கு?" என்றாள் சாந்தம்மாள்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "அத இங்க கொண்டாங்க, நான் பாக்கறேன்."

மொய்துவின் மனைவி ஷரீஃபா ஜன்னலோரம் சாய்ந்த பலகை முன்னால் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். பீங்கான் தட்டில் சாயங்கள், காதுக்குப் பின்னால் ஒரு பிரஷ். அந்த வட்டாரத்தில் எத்தனையோ கல்யாணப் பெண்களின் கன்னம் சிவந்தது அந்த அறையில்தான். வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையில் மட்டும் மொய்து.

பூதக்கண்ணாடியை வைத்துப் படத்தை ஓரம் ஓரமாகப் பார்த்தாள் ஷரீஃபா. பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. இது அச்சுல வந்த கலரு இல்ல. யாரோ ஒக்காந்து கையாலே போட்டிருக்காங்க. இந்த ஜன்னல்ல நீலம் கோட்டத் தாண்டிப் போயிருக்கு பாத்தீங்களா? அன்னைக்கு அவங்களுக்கு என்ன அவசரமோ."

"ஒன்னைய மாதிரி ஒருத்தியா?"

"என்னை மாதிரி யாரோ ஒருத்தர்." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். "போட்டுடலாம். தாளு நல்ல கட்டித் தாளு, கோடு ஒண்ணும் அழியல. ஆனா என்ன நிறம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதே. என் இஷ்டத்துக்குப் போட்டா பொய்யாயிடும்."

"நான் சொல்றேன்."

வாசலில் நின்ற மொய்து குறுக்கிட்டார். "பொடிப்பொடியா நூறு உருவம் இருக்கு. எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?"

வர்ணம் அழியாத இடப்பக்கத்தின் மேல் ஷரீஃபா தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். "இதுக்கடியில என்ன இருக்கு, சொல்லுங்க அக்கா."

சாந்தம்மாள் யோசிக்கக்கூட இல்லை. "ரெண்டு குருத. ஒண்ணு வெள்ள, ஒண்ணு காப்பிக்கொட்ட நெறம். வண்டிக்காரனுக்கு மஞ்சச் சட்ட. அவன் பின்னால ஒரு நாயிக்காரன், நீலத் தொப்பி. நாயிக்கு வாலு மட்டும் வெள்ள."

ஷரீஃபா கையை எடுத்தாள். மொய்து குனிந்து பார்த்தார். நாயின் வால்கூட வெள்ளைதான்.

"பதினோரு வருஷமாத் தெனம் இவுக மொகத்துலதான் முழிக்கேன்," என்றாள் சாந்தம்மாள். "எல்லாருக்கும் பேரு வச்சிருக்கேன். குடைக்காரி, கோவக்காரி, கடன் கேக்க வந்தவன்..."

மொய்து நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

அன்று முழுக்க வேலை நடந்தது. சாந்தம்மாள் சொல்லச் சொல்ல ஷரீஃபா போட்டாள். போட்டோ ஓரத்தில் பூ வரைய வைத்திருந்த கட்டிச் சாயத்தைக் கரைத்து, தனியாக ஒரு துண்டுக் காகிதத்தில் தடவிக் காட்டி, இவள் தலையசைத்த பிறகுதான் படத்தில் பிரஷ்ஷை வைத்தாள்.

"கோவக்காரிக்குப் பாவாட செவப்பு. பளிச்சுன்னு இல்ல. மொளகா காஞ்சு வத்தலாகி ஒரு வருசம் கெடந்தா வருமே, அந்தச் செவப்பு."

"இதுவா?"

"இன்னும் கொஞ்சம் பழசு."

"மரமெல்லாம்?"

"வெயில் படுற பக்கம் கொழுந்து. அந்தப் பக்கம் முத்தின எல."

"அக்கா, நான் தேயிலைச் செடியே பாத்ததில்ல."

சாந்தம்மாள் திகைத்துப் போனாள். தேயிலையைப் பார்க்காத ஒருத்தி உலகத்தில் இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். முற்றத்தில் வெற்றிலைக் கொடி இருந்தது. போய் நுனி இலை ஒன்றும் அடி இலை ஒன்றும் கிள்ளிக்கொண்டு வந்தாள். "இது கொழுந்து. இது முத்தினது. இதுல துளி மஞ்ச சேத்தா எங்க மலை."

ஷரீஃபா இரண்டு இலைகளையும் பலகையில் குத்தி வைத்துக்கொண்டாள். மரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பச்சை, நாற்பத்திரண்டு மரம். கழுத்தை நிமிர்த்தாமல் போட்டாள். நடுவில் இரண்டு கல்யாண வீட்டார் வந்து கேட்டார்கள். "நாளைக்கு வரச் சொல்லுங்க," என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாள்.

ஒரே ஓர் இடத்தில் சாந்தம்மாள் தடுமாறினாள். வாய்க்காலின் கோடியில் ஒரு சின்னப் படகு. அவள் பங்களாவுக்கு வந்த நாளிலிருந்தே அதன் மேல் ஒரு பழைய கறை. என்ன நிறம் என்று அவள் பார்த்ததே இல்லை.

"தெரியல தாயி. இல்லாததச் சொல்ல மாட்டேன்."

"சாரமில்ல அக்கா, போகட்டும். அப்ப இது ஒண்ணு எனக்கு." ஷரீஃபா தன் விரல்களைப் பார்த்தாள். பெருநாளைக்கு இட்ட மருதாணி பாதி மங்கிக் கிடந்தது. அந்த நிறத்தையே படகுக்குக் கொடுத்தாள்.

கடைசியில் ஒரு சிக்கல். போட்டதெல்லாம் சரி, ஆனால் புதுசாக மின்னியது. பாதித் தோட்டத்துக்கு இன்றைக்கு வெள்ளையடித்த மாதிரி இருந்தது. ஷரீஃபா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாந்தம்மாள் கொண்டுவந்திருந்த பையைக் காட்டினாள். அதில் மறையூர் வெல்லத்தோடு எஸ்டேட் தேயிலைத் தூள் ஒரு பொட்டலம் இருந்தது. வெறும் தண்ணீரில் மெல்லிசாகச் சாயா போட்டு, ஆறவைத்து, அகலப் பிரஷ்ஷால் கைபட்டும் படாமலும் ஒரு தடவு தடவினாள். பச்சை அடங்கியது. சிவப்பு பழசானது.

"மதி, போதும்," என்று பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

மிச்சமிருந்த சாயாவைச் சூடு பண்ணி, வெல்லத்தைக் கடித்துக்கொண்டு எல்லாரும் குடித்தார்கள். கூலி என்று சாந்தம்மாள் வாயைத் திறந்ததும் ஷரீஃபா கையமர்த்தினாள். "தினமும் கன்னத்துக்கு ரோஸு, உதட்டுக்கு ரோஸு. இன்னைக்கு ஒரு நாள் ராஜா தோட்டத்துல இருந்தேன். நானில்ல உங்களுக்குத் தரணும்?"

சாந்தம்மாள் ஷரீஃபாவின் சாயம் படிந்த கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

படம் பத்திரமாகத் திரும்பி வந்தது. மாட்டியதும் மொக்கையன் எட்டு அடி தள்ளி நின்று பார்த்தார், பக்கத்தில் வந்து பார்த்தார். "எந்தப் பக்கம் போச்சுன்னு எனக்கே தெரியல. ஒன் அதிர்ஷ்டம் சாந்தம்மா. இனி வாயத் தொறக்காத."

துரைசாணி சனிக்கிழமை வந்தாள். திங்களன்று மூட்டை கட்டும் வேலை. எட்டுப் படங்களையும் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அந்தப் படத்தின் முறை வந்ததும் துரைசாணி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி வைத்தாள். எஸ்டேட் ஆயாக்களிடம் பிள்ளைப் பருவத்திலேயே படித்த தமிழ் அவளுடையது.

"பூசணம் எல்லாம் போயிருச்சே. இந்தப் பச்சையப் பாரு சாந்தம்மா. இப்ப இப்படிப் போட ஒரு ஆள் கெடையாது. அந்தக் கை எல்லாம் செத்துப்போச்சு."

சும்மா தலையாட்டியிருக்கலாம். மொக்கையன் கதவுக்குப் பின்னாலிருந்து தலையாட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். மேசைமேல் சர்டிபிகேட் எழுத வெள்ளைத் தாள்கள் தயாராகக் கிடந்தன. ஆனால் அந்த ஜன்னலோரமும், நாற்பத்திரண்டு மரத்துக்கும் நிமிராத கழுத்தும் சாந்தம்மாளின் கண் முன்னால் நின்றன. அவ்வளவு செய்தவளைச் செத்துப்போனவள் என்று சொல்லக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"அந்தக் கை சாகல தொரசாணி. பாலக்காட்டுல இருக்கு."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஈரத் துணி, பஸ், செக்போஸ்ட், சாயாத் தண்ணீர் எதையும் விடவில்லை. துரைசாணியின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"என் அம்மா படத்தைப் பஸ்ஸுல கொண்டுபோனியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?"

"ஆமா தொரசாணி."

"போ. வெளிய போ."

அன்று மாலை மொக்கையனுக்கும் தோட்டக்காரனுக்கும் சர்டிபிகேட் கிடைத்தது. சாந்தம்மாளுக்கு இல்லை. "நல்லா உண்மையப் பேசு. அதையே பொங்கித் தின்னு," என்றார் மொக்கையன். சொல்லிவிட்டு, தன் பங்குச் சோற்றில் பாதியை அவள் தட்டில் தள்ளினார்.

காலையில் ஆள் வந்து கூப்பிட்டான். லயத்து அறையைக் காலி செய்யத்தான் என்று நினைத்துக்கொண்டே போனாள். சாப்பாட்டு மேசை மேல் எட்டுப் படங்களும் சட்டத்திலிருந்து கழற்றிப் பரப்பிக் கிடந்தன. துரைசாணி கையில் பூதக்கண்ணாடி.

"உக்காரு," என்றாள். பங்களாவில் சாந்தம்மாளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"கீழ பொடி எழுத்து இருக்கு பாரு. இது படம் வரைஞ்சவன் பேரு. இது தகட்டுல வெட்டினவன் பேரு. இது கடை வச்சு வித்தவன் பேரு. எட்டுலயும் தேடிட்டேன். கலர் போட்டவங்க பேரு ஒண்ணுலயும் இல்ல. இத்தனை வருஷம் எனக்கு அது தோணவே இல்ல." துரைசாணி பென்சிலை எடுத்தாள். "நேத்து ரொம்பக் கோவம். இன்னும் கொஞ்சம் இருக்கு. அவ பேர் என்ன?"

"ஷரீஃபா, தொரசாணி."

படத்தைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் எழுதினாள் துரைசாணி.

"ஊரு பாலக்காடு. அதையும் எழுதுங்க."

எழுதினாள். அதன் கீழே இன்னொரு வரி எழுதினாள். என்ன என்று சாந்தம்மாள் கேட்டாள். "நிறம் சொன்னது சாந்தம்மாள், வெண்பாறைன்னு எழுதியிருக்கேன்," என்றாள் துரைசாணி. பிறகு மடித்த தாள் ஒன்றை நீட்டினாள்.

ஃபேக்டரி கிளார்க் ஈஸ்வரமூர்த்தி அதைப் படித்துச் சொன்னார். "இவள் கண்ணை நம்பலாம். அதைவிட இவள் வாயை நம்பலாம். பங்களாவில் இவள் இருப்பது வருகிறவர்களுக்கு நல்லது." புதுத் துரை வந்ததும் அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார். சாந்தம்மாளைப் போகச் சொல்லவில்லை.

பொங்கலுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனவள் மறுநாளே பாலக்காட்டுக்குப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் ஷரீஃபாவிடம் சொன்னாள்.

ஷரீஃபா பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "என் பேரையா எழுதினாங்க? ஸ்டுடியோ பேரை இல்லையா?"

"ஒன் பேரத்தான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"இப்ப அந்தப் படம் எங்க அக்கா?"

"சீமைக்குப் போய்ச் சேந்திருக்கும். கப்பல்ல."

ஷரீஃபா வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணோரம் ஈரமாக இருந்தது. முன்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கேட்டீங்களா? நான் இன்னும் நம்ம ஒலவக்கோடு ஸ்டேஷனத் தாண்டினதில்ல. என் பேரு கப்பலேறிப் போயிருக்கு."